கத்திரி வெயிலில் சோதித்த கூரைத்துணிகளும் பசைகளும்

பதினான்கு ஆண்டுகள் ஓடிய என் செடான் வண்டியில் கூரைத்துணி முதலில் பின்கண்ணாடிக்கு மேலேதான் தொய்யத் தொடங்கியது. சில வாரங்களில் அது மழைநீர் தேங்கிய பந்தல் துணிபோல் நடுவில் தொங்கி, பின்னால் வரும் வண்டிகளை மறைத்து, பின் இருக்கையில் அமர்பவரின் தலையில் உரசியது. உரசிய இடத்திலெல்லாம் மஞ்சள் நிறத்தில் மாவு போன்ற ஒரு தூள் முடியில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு அருகில் இருந்த ஒரு குஷன் கடையில் வண்டியை விட்டேன். அவர்கள் துணியைக் கழற்றாமலே ஓரத்தைப் பிரித்து, உள்ளே பசையைத் தெளித்து, கையால் அழுத்தி, ஒரே பிற்பகலில் வண்டியைத் திருப்பித் தந்தார்கள். மாசி மாதத்தில் செய்த அந்த வேலை சித்திரை பாதியில் மீண்டும் தொங்கிவிட்டது. இரண்டாம் முறையும் பணத்தை இழப்பதற்கு முன், எந்தத் துணி, எந்தப் பசை என்பதை நானே தெரிந்துகொண்டு வாங்குவது என்று முடிவு செய்தேன். அப்படி வாங்கிச் சோதித்த ஐந்து வகைப் பசைகளையும் ஐந்து வகைத் துணிகளையும் பற்றியது இந்த மதிப்பீடு.

இன்றைய கார்களின் உட்கூரை மூன்று அடுக்குகளால் ஆனது. தகரக் கூரைக்குக் கீழே அச்சில் அழுத்தி வார்த்த அட்டை ஒன்று இருக்கும். வண்டிக்கு வண்டி அது கண்ணாடி இழையாகவோ, பிசின் ஏற்றிய நார் அட்டையாகவோ, கடினமான பாலியூரித்தேன் பலகையாகவோ அமையும். அட்டையின் அடிப்பக்கத்தில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் பருமனில் ஃபோம், அந்த ஃபோமின் முகத்தில் மெல்லிய பின்னல் துணி. துணியும் ஃபோமும் ஆலையிலேயே இணைந்து வருகின்றன: ஃபோமின் மேற்பரப்பைத் தீச்சுடரில் ஒரு கணம் உருக்கி, உருகிய பரப்பே பசையாகும்படி துணியை அதன்மேல் அழுத்துகிறார்கள். அம்பாசடர் போன்ற பழைய வண்டிகளில் ஏற்பாடு வேறு. அங்கே கூரைக்குக் குறுக்கே வளைந்து செல்லும் கம்பிகளில் கோத்துத் தைத்த ரெக்சின் தொங்கும். பசைக்கு ஓரங்களில் மட்டுமே வேலை. ஆகவே அந்த வண்டிகளில் பழுத்த அனுபவம் உள்ளவர் என்பதற்காக ஒருவரிடம் ஃபோம் ஒட்டிய கூரையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்க முடியாது.

சோதனைக்காகப் பழைய கூரை அட்டை ஒன்று தேடிப் புதுப்பேட்டைக்குச் சென்றபோது, உடைத்த வண்டிகளின் உதிரிகள் குவிந்திருந்த தெருவில் குஷன் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் என் கதையைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு அட்டையில் ஒட்டியிருந்த மஞ்சள் தூளை விரலால் வழித்துக் காட்டி, “சார், பசையத் திட்டாதீங்க. பசை இன்னும் அட்டையிலதான் இருக்கு. நடுவுல இருந்த பஞ்சுதான் செத்துப்போச்சு” என்றார். நான் அதுவரை படித்த விளம்பரங்கள் எல்லாவற்றையும்விட அந்த ஒரு வாக்கியம் பயனுள்ளதாக இருந்தது. பாலியூரித்தேன் ஃபோமில் பாலியெஸ்டர் வகை, பாலியீத்தர் வகை என இரண்டு உண்டு. பாலியெஸ்டர் வகை காற்றின் ஈரத்தாலும் வெப்பத்தாலும் நீராற்பகுப்புக்கு உள்ளாகி, அதாவது நீரால் சிதைந்து, பிசுபிசுத்துப் பின் உதிர்கிறது. பாலியீத்தர் வகை ஈரத்தை நன்கு தாங்கும், ஆனால் வெப்பத்திலும் ஒளியிலும் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைகிறது. கடலோரச் சென்னையில் ஈரம், வெப்பம் இரண்டுமே ஆண்டு முழுவதும் இருப்பதால், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த 3 மில்லிமீட்டர் அடுக்கு மாவாகிவிடுவதில் வியப்பில்லை. மாவின்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பசையைத் தெளித்தாலும் அது மாவோடுதான் ஒட்டும், அட்டையோடு ஒட்டாது. முதல் கடையில் நடந்தது இதுவே. அவர்கள் பயன்படுத்திய பசை தரமானதாகவே இருந்திருக்கலாம்.

எனவே பழைய துணியை மீண்டும் ஒட்டித் தருகிறோம் என்று சொல்லும் எந்தச் சேவையையும், எந்த ஸ்பிரேயையும் இந்த மதிப்பீட்டில் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. திருகு ஊசிகளைக் குத்தித் துணியைத் தற்காலிகமாகத் தூக்கி நிறுத்துவது அதைவிட நேர்மையான வேலை. குறைந்தபட்சம் அது தற்காலிகம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சோதனையை மே மாதத்தில், கத்திரி வெயில் நடந்த நாட்களில் மொட்டை மாடியில் செய்தேன். புதுப்பேட்டையில் வாங்கிய அட்டையைப் பழைய ஃபோம் ஒரு துகளும் இல்லாமல் சுரண்டி, இரு கையளவுத் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பசையால் ஒரே துணியை ஒட்டி, செங்கல்மேல் வைத்த கருஞ்சாம்பல் வண்ணத் தகரத்தின் அடியில் துணி கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்தினேன். ஒவ்வொரு துண்டிலும் ஓர் ஓரத்தை ஒட்டாமல் விட்டு, அதில் துணிக் கிளிப்போடு ஓர் இரும்பு நட்டைத் தொங்கவிட்டேன். பசைகளைப் பற்றிப் பெருமை பேசுபவர்கள் பெரும்பாலும் ஒட்டிய இரண்டு பலகைகளைப் பக்கவாட்டில் இழுத்துக் காட்டுவார்கள். கூரைத்துணியின் மேல் செயல்படுவதோ ஓரத்திலிருந்து உரிக்கும் விசை. இவ்விரண்டுக்கும் தொடர்பு மிகக் குறைவு. துணியின் எடையும் ஒரு பொருட்டல்ல. நான் நிறுத்துப் பார்த்த துணி சதுர மீட்டருக்குக் கால் கிலோவைக்கூட எட்டவில்லை. வளைவுகளில் துணியை இழுத்து ஒட்டும்போது அது தன் பழைய அளவுக்குத் திரும்ப முயல்கிறதே, அந்த இழுப்புதான் வெப்பத்தில் இளகிய பசையை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்கடிக்கிறது.

வெப்பத்தை அளக்க, கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியை முதலில் நீட்டினேன். அது தகரத்துக்குக் கடுங்காய்ச்சல் என்று எச்சரித்துவிட்டு எண்ணைக் காட்ட மறுத்துவிட்டது. பிறகு கம்பி நுனி கொண்ட சமையல் வெப்பமானியைத் தகரத்துக்கும் அட்டைக்கும் இடையில் செருகினேன். பிற்பகல் 2 மணியளவில் பெரும்பாலான நாட்களில் 60 டிகிரியைத் தாண்டியது. ஒரு நாள் 69 வரை சென்றது. இது மிகையான சோதனை என்று தோன்றலாம். 2018இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் வெயிலில் நிறுத்திய வண்டிகளை அளந்தபோது, ஒரே மணி நேரத்தில் உள்காற்று சராசரியாக 47 டிகிரிக்கும், டாஷ்போர்டு 69 டிகிரிக்கும் சென்றதாகக் கண்டனர். வெயிலை நேரடியாக வாங்கும் தகரத்தை ஒட்டியே இருக்கும் உட்கூரைக்கு 60, 70 டிகிரி என்பது அன்றாட வாழ்க்கைதான்.

ஐந்து பசைகளில் முதலாவதாக வெள்ளைத் தச்சுப் பசையை வைத்திருந்தது அதை நம்பியதால் அல்ல. “கொஞ்சம் தண்ணீர் கலந்து தடவினால் போதும்” என்று என்னிடம் மூன்று பேர் சொல்லியிருந்ததால். பாலிவினைல் அசிடேட்டால் ஆன அந்தப் பசை நம் ஊர்க் கோடை வெப்பத்திலேயே இளகத் தொடங்கும் இயல்புடையது. அது மரத்தின் துளைகளுக்குள் இறங்கிப் பிடிப்பதால்தான் நாற்காலியும் கட்டிலும் நிற்கின்றன. என் துண்டில் இரண்டாம் நாள் பிற்பகலில் நட்டு தரையில் கிடந்தது. அத்துடன் அதில் இருந்த நீர் நார் அட்டையை ஊறவைத்து அதன் வளைவையே சற்று மாற்றியிருந்தது. மரவேலைக்கு நிகரற்ற அந்தப் பசையைக் கூரைக்குக் கொண்டுவருவது பசையின் குற்றமன்று.

அடுத்தது கைவினைப் பொருட்களுக்கும் சுவரொட்டிகளுக்கும் விற்கப்படும் பொதுப் பயன்பாட்டு ஸ்பிரே குப்பி. பயன்படுத்த இதைவிட எளிதான ஒன்று இல்லை. சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகளாக விழுந்து, ஒரு நிமிடத்திலேயே பிடித்துக்கொள்கிறது. வாங்குபவரை ஏமாற்றுவதும் அந்த உடனடிப் பிடிப்புதான். முதல் நாள் மாலை ஐந்து துண்டுகளிலும் இதுவே உறுதியாகத் தோன்றியது. ஐந்தாம் நாள் ஓரம் விரலளவு பிரிந்தது. பத்தாம் நாள் துணியைக் கையால் தொட்டபோது பசை பாகுபோல் இழுபட்டது. குப்பியின் பின்புறத்தில் எந்த வெப்பநிலை வரை தாங்கும் என்ற எண் இல்லை என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். இப்போது கடையில் நான் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். குப்பியில் இல்லாவிட்டால் தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளில் இருக்கும். அங்கும் இல்லாவிட்டால் அந்தப் பசையைக் காருக்குள் கொண்டுவர வேண்டிய அவசியம் இல்லை.

மூன்றாவது, செருப்புத் தைப்பவர்களும் பஞ்சர் ஒட்டுபவர்களும் குஷன் கடைக்காரர்களும் பொதுவாகச் ‘சொல்யூஷன்’ என்று அழைக்கும் ரப்பர் பசை. அந்த ஒரு பெயருக்குள் பல பசைகள் ஒளிந்திருக்கின்றன என்பதுதான் இதில் உள்ள சிக்கல். பெரியமேட்டில் தோல், ரெக்சின் விற்கும் கடைகளில் சில்லறையாக ஊற்றிக் கொடுக்கும் சொல்யூஷன் எந்த ரப்பரால் ஆனது என்பதை மணத்தைக் கொண்டு சொல்ல முடியாது. எல்லாவற்றிலும் அடிப்பது கரைப்பானின் மணம்தான். ஸ்டைரின்-பியூட்டாடையீன் ரப்பரால் ஆனவை மலிவானவை, அவை வெப்பத்தில் விரைவாக இளகுகின்றன. நியோப்ரீன் என்று வணிகப் பெயர் பெற்ற பாலிகுளோரோப்ரீனால் ஆனவை அதிக வெப்பத்தைத் தாங்குபவை. அவற்றில் பீனாலிக் பிசினையும் மக்னீசியம் ஆக்சைடையும் வினைபுரியச் செய்து சேர்ப்பதால்தான் அந்தத் தாங்குதிறன் கிடைக்கிறது. சில்லறையில் வாங்கிய பெயரற்ற சொல்யூஷன் பன்னிரண்டு நாட்கள் தாங்கிப் பிறகு நடுவில் குமிழிட்டது. நட்டு விழவில்லை, ஆனால் கூரையில் குமிழ் வந்தாலே வேலை தோற்றதாகத்தான் பொருள்.

நான்காவதாக, பெயரும் தயாரிப்புத் தேதியும் பொறித்த டின்னில் வரும் செயற்கை ரப்பர் பசையை எடுத்தேன். பிடிலைட்டின் ஃபெவிகால் எஸ்ஆர் 998 இவ்வகையில் எல்லா ஹார்ட்வேர் கடையிலும் கிடைப்பது. தச்சர்கள் லேமினேட்டுக்கும், குஷன் கடைக்காரர்கள் ரெக்சினுக்கும் ஃபோமுக்கும் பயன்படுத்துவது. அதே நிறுவனம் வெப்பம் படும் இடங்களுக்கென ஹீட்எக்ஸ் என்ற பெயரில் தனியாக ஒன்றை விற்கிறது. கூரைக்கு நான் வாங்கியது இந்த ஹீட்எக்ஸைத்தான். இரண்டு பரப்பிலும் பூசி, கரைப்பான் ஆவியாகும் வரை காத்திருந்து, பிறகு சேர்த்து அழுத்த வேண்டிய பசை இது. சேர்த்த கணத்தில் பிடித்துக்கொள்ளும். நகர்த்திச் சரிசெய்ய இடம் தராது. இருபத்து மூன்று நாட்கள் மொட்டை மாடியில் கிடந்த பின்னும் நட்டு தொங்கிக்கொண்டிருந்தது. துணியைக் கையால் உரித்தபோது பசை பிரியவில்லை, ஃபோம்தான் கிழிந்தது. ஃபோம் கிழியும் அளவுக்குப் பசை பிடிக்குமென்றால் அதற்கு மேல் உறுதியைத் தேடிப் பணம் செலவழிப்பதில் பயனில்லை. குறை என்னவென்றால் இது கெட்டியானது. தூரிகையால் பூசினால் தூரிகையின் தடம் மேடுபள்ளமாகப் பதிந்து, மெல்லிய துணியின் வழியே வெளியே தெரியும். அகன்ற பட்டித் தகட்டால் இழுத்துப் பூசினால் அந்தக் குறை வெகுவாகக் குறைகிறது.

ஐந்தாவது, இறக்குமதியாகும் கூரைத்துணிக்கான ஸ்பிரே. த்ரீஎம் நிறுவனம் ஹெட்லைனர் அண்ட் ஃபேப்ரிக் அட்ஹெசிவ் என்ற பெயரில் விற்பது இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. கார்களுக்கு இரட்டை வண்ணம் பூசியவர்களின் தொல்லையைக் கண்டே அந்நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ 1925இல் மாஸ்கிங் டேப்பை உருவாக்கினார் என்பதை இங்கே நினைவுகூரலாம்; வண்டிப் பட்டறைகளோடு அவர்களுக்கு உள்ள உறவு பழையது. இந்த ஸ்பிரேயும் சோதனை முடியும் வரை தாங்கியது. நார் அட்டையில் சமமாக விழுந்தது, ஃபோமை ஊறவைக்கவில்லை, தடமும் தெரியவில்லை. ஆனால் ஒரு செடான் கூரைக்கு இரண்டு பரப்பிலும் அடிக்க ஒரு குப்பி போதாது. இரண்டு குப்பிகளின் விலையோடு ஒப்பிட்டால் டின் பசையும் ஒரு பட்டித் தகடும் அதில் நான்கில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகின்றன. முதன்முறையாகத் தனியாக வேலை செய்பவர், நேரத்தையும் பதற்றத்தையும் குறைத்துக்கொள்ள விரும்பினால், அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுப்பதில் தவறில்லை. கம்ப்ரசரும் ஸ்பிரே கன்னும் வைத்திருக்கும் குஷன் கடையில் வேலையைக் கொடுப்பவர், ஸ்பிரே செய்வதற்கென நீர்த்த நிலையில் வரும் நியோப்ரீன் பசையைக் கேட்டு வாங்கித் தரலாம். கெட்டிப் பசையில் கையில் கிடைத்த தின்னரை ஊற்றிக் கலக்கிக் கன்னில் விடுவதை மட்டும் அனுமதிக்க வேண்டாம். பொருந்தாத தின்னரில் ரப்பர் திரிந்து கட்டியாகிவிடும்.

துணியின் பக்கம் வந்தால், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் அலங்காரக் கடைகளில் ஏறி இறங்கியதில் எனக்கு மிகுந்தது பெரும் குழப்பம். கூரைத்துணி என்று கேட்டால் முதலில் எடுத்துப் போடுவது, வெல்வெட்டும் மான்தோலும் கலந்தாற்போல் இருக்கும் பளபளப்பான பாலியெஸ்டர் துணியை; அதை எல்லாக் கடைகளிலும் அல்காண்ட்ரா என்றே அழைக்கிறார்கள். உண்மையான அல்காண்ட்ரா, ஜப்பானின் தோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ 1970இல் உருவாக்கிய நுண்ணிழைத் தொழில்நுட்பத்தில் இத்தாலியில் தயாராவது. ஏறக்குறைய 68 விழுக்காடு பாலியெஸ்டரும் 32 விழுக்காடு பாலியூரித்தேனும் கொண்டது. அதன் விலைக்கு என் பழைய வண்டியின் மறுவிற்பனை விலையில் கணிசமான பகுதி போய்விடும். கடையில் காட்டப்பட்டது அதுவன்று. அதற்காக அது மோசமான துணி என்று சொல்லமாட்டேன். ஃபோம் ஒட்டியதாக இருந்து, நான்கு பக்கமும் ஓரளவு இழுபடுமானால் கூரையில் மிக அழகாக அமரும். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஒரே திசையில்தான் இழுபட்டன. விளக்குக் குழியிலும் கைப்பிடிப் பள்ளங்களிலும் அவை மடிப்பு விழாமல் இறங்க மறுக்கின்றன.

ரெக்சினை வாங்க வேண்டாம் என்று சொல்வதற்கு மட்டும் சற்று விரிவான காரணம் தேவை, ஏனென்றால் துடைத்தால் அழுக்குப் போய்விடும் என்ற ஒரே காரணத்துக்காகப் பலர் அதைத்தான் கேட்கிறார்கள், கடைக்காரர்களும் மகிழ்ச்சியோடு தருகிறார்கள். ரெக்சின் என்பது முதலில் இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே ஹைட் என்னும் ஊரில் இயங்கிய ஒரு நிறுவனத்தின் பெயர். நைட்ரோசெல்லுலோஸ் பூசிய அவர்களின் துணி வழக்கொழிந்த பின்னும் பெயர் மட்டும் நம் ஊரில் நிலைத்துவிட்டது. இப்போது அந்தப் பெயரில் நாம் வாங்குவது பிவிசி பூசிய துணி. இயல்பில் விறைப்பான பிவிசியை வளையச் செய்ய எண்ணெய் போன்ற இளக்கிகளைக் கலக்கிறார்கள். வெப்பத்தில் அந்த இளக்கி மெல்லக் கசிந்து வெளியேறுகிறது. பின்பக்கத் துணி நெய்தலுக்குள் புகுந்து பசை அடுக்கை எட்டினால் நியோப்ரீன் பசையையும் இளகச் செய்துவிடுகிறது. இளக்கியைத் தாங்குபவை பாலியூரித்தேன் பசைகளும் நைட்ரைல் ரப்பர் பசைகளும்தான். ஆகவே மாடித் தகரத்தின் கீழ் எல்லாவற்றையும் தாங்கி நின்றாலும், அதே நியோப்ரீன் வகையான என் டின் பசையை ரெக்சினுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். எடை, பள்ளங்களில் விறைத்து நிற்பது, உள்ளே ஈரம் தங்குவது ஆகியவை அதற்கு மேல் வரும் குறைகள்.

ஃபோம் இல்லாத வெறும் துணியை ஒட்டினால் மலிவாக முடியும் என்ற எண்ணத்தில் திரைச்சீலைத் துணி ஒன்றையும் சோதித்தேன். பசை நெய்தலின் வழியே கசிந்து கறையாகப் படிந்தது. அட்டையில் இருந்த ஒவ்வொரு கீறலும் வெளியே தெரிந்தது. விரலளவு துண்டை இடுக்கியில் பிடித்துத் தீ வைத்துப் பார்த்தபோது சொட்டுச் சொட்டாக உருகி எரிந்தது. வண்டிக்குள் பயன்படும் துணிகள் எரியும் வேகம் நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்காவின் 302ஆம் எண் வாகனப் பாதுகாப்புத் தரம் வரையறுக்கிறது. இந்தியத் தர அமைவனத்தின் ஐஎஸ் 15061 இதே பொருளைப் பற்றியது. வீட்டுத் திரைச்சீலை எந்த வாகனத் தரத்துக்கும் உட்பட்டதன்று. என் இடுக்கிச் சோதனை ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது என்றாலும், தலைக்கு மேல் அந்தத் துணியை ஒட்டும் எண்ணத்தைக் கைவிட எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அழுத்திக் கோத்த நெய்யாத் துணி, அதாவது விலை குறைந்த புதிய கார்கள் பலவற்றில் ஆலையிலிருந்தே வரும் கம்பளம் போன்ற மெல்லிய துணி, என்னை வியப்பில் ஆழ்த்தியது. அதில் ஃபோமே இல்லை. ஆகவே உதிர்ந்து மாவாக ஒன்றும் இல்லை. எல்லாத் திசையிலும் இழுபடுகிறது, பசையை நன்றாக வாங்கிக்கொள்கிறது. தோற்றம் சற்று மலிவாகத் தெரியும் என்பதும், விரலால் தட்டினால் மெத்தென்று இராது என்பதும்தான் குறைகள். வாடகைக்கு ஓடும் வண்டியாகவோ, வெட்டவெளியில் நிற்கும் வண்டியாகவோ இருந்தால் தயங்காமல் இதையே போடுவேன்.

என் வண்டிக்கு நான் தேர்ந்தெடுத்தது பழைய முறையிலேயே ஃபோம் ஒட்டிய பின்னல் துணி. 60 அங்குல அகலத்தில் இரண்டேகால் மீட்டர் வாங்கினேன். மீட்டர் 420 ரூபாய். துணியை விட ஃபோமைப் பார்த்தே வாங்க வேண்டும் என்பதால் கடைக்காரரின் பொறுமையைச் சற்று சோதித்தேன். சுருளின் வெளிச்சுற்றில் ஃபோம் மஞ்சளித்திருந்தால் அது நெடுநாளாகக் கடையில் வெளிச்சம் பட்டுக் கிடந்தது என்று பொருள். உள்சுற்றிலிருந்து வெட்டித் தரச் சொல்ல வேண்டும். ஃபோமைக் கட்டைவிரலால் பத்து முறை அழுத்தித் தேய்த்தால் துகள் எதுவும் வரக்கூடாது. ஓரத்தில் துணியையும் ஃபோமையும் தனித்தனியே பிடித்து இழுத்தால் ஃபோம் கிழிய வேண்டும். சுத்தமாகப் பிரிந்து வந்தால் ஆலையில் செய்த இணைப்பே சரியில்லை. பாலியீத்தரா பாலியெஸ்டரா என்ற கேள்விக்கு நான்கு கடைகளில் ஒரே ஒரு கடைக்காரர் மட்டும், ஆலைக்குத் தொலைபேசியில் கேட்டுப் பாலியீத்தர் என்று சொன்னார். அவரிடமே வாங்கினேன்.

ஒட்டும் வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணாடிகளுக்கு இடையே கூரையைத் தாங்கும் தூண்களின் உறைகளுக்குப் பின்னால் காற்றுப்பைகள் (ஏர்பேக்) உள்ள வண்டியாக இருந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சற்று நேரம் விட்ட பிறகே கை வைக்க வேண்டும். அட்டையைத் தனியாக ஒருவர் வெளியே எடுக்க முயன்றால் அது நடுவில் மடிந்துவிடும். இரண்டு பேர் தேவை. பழைய ஃபோமை நைலான் பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பதுதான் மொத்த வேலையில் பாதி நேரத்தை விழுங்கும் பகுதி. முகக்கவசம் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது, கண்ணாடி இழை அட்டையானால் முழுக்கை சட்டையும் வேண்டும். கருப்புத் துணியால் துடைத்துப் பார்த்தால் தூள் ஒட்டாத வரை பசை டின்னைத் திறக்க வேண்டாம். அட்டையில் இரண்டு பூச்சு, ஃபோமில் ஒரு மெல்லிய பூச்சு. புறங்கையால் தொட்டால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் நிலையில், துணியின் பாதியை மடித்து வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். பள்ளம் வரும் இடத்தில் முதலில் பள்ளத்தின் அடியில் அழுத்திவிட்டுப் பிறகே மேட்டுக்கு வர வேண்டும். இருபுற மேட்டிலும் ஒட்டிவிட்டு நடுவில் தள்ளினால் துணி பாலம்போல் இழுபட்டு நின்று, முதல் கோடையிலேயே எழும்பிவிடும். கரைப்பான் ஆவி தீப்பற்றக்கூடியது, தலைசுற்றலும் தரும் என்பதால் திறந்த வெளியில்தான் இதைச் செய்ய வேண்டும்; கூரையை மாட்டிய பிறகும் இரண்டு நாட்கள் கண்ணாடிகளை இறக்கியே வைத்திருந்தேன்.

டின்னின் மேல் அச்சிடப்படாத, ஆனால் அச்சிட வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பசையின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அந்தக் குளிர்ந்த பரப்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத பனிபோல் நீர் படிந்து, இரண்டு பசைப் பரப்புகளும் ஒன்றையொன்று தொடாமல் தடுத்துவிடுகிறது. பரப்பு வெளிறிப் பால் நிறமாகத் தெரிந்தால் அதுதான் அடையாளம். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில் எந்தக் கடையிலும் இந்த வேலையைச் செய்யக் கொடுக்கக் கூடாது. மற்ற மாதங்களிலும் விடியற்காலையைத் தவிர்த்து வெயில் ஏறிய பிறகு தொடங்குவதே நல்லது.

இந்த எச்சரிக்கையை நான் மீறிய இடம் என் கூரையில் இப்போதும் தெரிகிறது. வேலை செய்த நாளில் பின்கண்ணாடியை ஒட்டிய ஓரத்துக்கு மட்டும் பசை போதவில்லை. மறுநாள் மாலை புதிய டின் வாங்கி வந்து, கோடைமழை ஒன்று பெய்து ஓய்ந்த கையோடு அந்த ஓரத்தை ஒட்டினேன். பசை வெளிறியதைப் பார்த்தும் பொறுமை இல்லாமல் அழுத்திவிட்டேன். துணி, பசை, பிரஷ், பட்டித் தகடு எல்லாம் சேர்த்து 2,100 ரூபாய்க்குள் முடிந்த கூரை, வெட்டவெளியில் நின்று ஒரு முழுக் கோடையைக் கடந்த பின்னும் மற்ற இடங்களில் ஒரு குமிழும் இல்லாமல் இருக்கிறது. அந்த மூலையில் மட்டும் சுண்டுவிரல் நீளத்துக்குத் துணி எழும்பியிருக்கிறது. தை பிறந்து காற்று உலர்ந்ததும் அதைப் பிரித்து ஒட்டுவதற்காகக் கொஞ்சம் பசையை இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வைத்திருக்கிறேன்.